டி.என்.ஏ. எப்போது இரட்டிப்பாகிறது? அடிக்கடி நேரும் தவறுகள்

எஸ் கட்டம், அதாவது செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் காலம், வந்ததும் தேவையான புரதங்கள் எல்லாம் ஒன்றுகூடி இரட்டிப்பைத் தொடங்கும் என்று பலர் தேர்வில் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. ஆயத்தம் வேறு, தொடக்கம் வேறு. செல் இந்த இரண்டையும் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது. இது பிடிபடாவிட்டால் மற்றதெல்லாம் குழம்பும்.

ஆயத்தம், எஸ் கட்டத்துக்கு முந்தைய ஜி1 கட்டத்திலேயே நடந்துவிடும். ஓ.ஆர்.சி., சி.டி.சி.6, சி.டி.டி.1 ஆகிய புரதங்கள் சேர்ந்து, இழைகளைப் பிரிக்கப்போகும் எம்.சி.எம். புரதத்தைத் டி.என்.ஏ.வில் நகலெடுப்பு தொடங்கும் இடங்களான தொடக்கப் புள்ளிகளில் ஏற்றிவைக்கும். அது அங்கே சும்மாதான் இருக்கும். எஸ் கட்டத்தில் சி.டி.கே., டி.டி.கே. என்ற இரண்டு கைனேஸ் நொதிகள் (புரதங்கள்மீது பாஸ்பேட் சேர்ப்பவை) முடுக்கிவிட்ட பிறகே வேலை தொடங்கும்.

சி.டி.கே. என்றால் தொடக்கி வைக்கும் நொதி, அவ்வளவுதான் என்று நினைப்பதும் தவறு. புதிதாக எம்.சி.எம். ஏறவிடாமல் தடுப்பதும் அதேதான். நம் செல்களில் ஜெமினின் என்ற புரதமும் சி.டி.டி.1-ஐப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஒருமுறை நகலெடுத்த இடம், செல் பிரிந்து முடியும்வரை மறுபடி தொடங்காது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சமிக்ஞை கிடைத்தால் எந்த உட்கருவும் இரட்டிக்கும் என்று எண்ணுபவர்கள், 1970-ல் ராவ், ஜான்சன் இருவரும் வெளியிட்ட சோதனையைப் படிக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். எஸ் கட்டச் செல்லோடு சேர்ந்த ஜி1 உட்கரு, தன் நேரத்துக்கு முன்பே டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்கியது. எஸ் கட்டத்தை முடித்துப் பிரிவதற்குக் காத்திருக்கும் ஜி2 உட்கருவோ அசையவே இல்லை. இரண்டுக்கும் கிடைத்த சமிக்ஞை ஒன்றுதான். ஆனால் ஜி1 உட்கரு ஆயத்தமாக இருந்தது. ஜி2-வில் அந்த ஆயத்தம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. எம்.சி.எம். கதையெல்லாம் பின்னால்தான் தெரியவந்தது.

பாக்டீரியாவின் படத்தை அப்படியே மனிதச் செல்லுக்கு வரைவது இன்னொரு தவறு. ஈ.கோலைக்கு ஒரே தொடக்கப் புள்ளி போதும். நம் 1-ஆம் குரோமோசோமில் சுமார் 25 கோடி கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்). இழைகள் பிரிந்து நகலெடுக்கப்படும் முனையான இரட்டிப்புக் கவை நிமிடத்துக்கு 2,000 கார இணை அளவில் நகர்கிறது. ஒரே புள்ளியிலிருந்து இரு பக்கமும் போனாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எஸ் கட்டமோ சுமார் 8 மணி நேரம்தான். அதனால்தான் எல்லாக் குரோமோசோம்களுக்கும் சேர்த்து ஆயிரக்கணக்கான புள்ளிகள் தேவைப்படுகின்றன.

சரி, அவை எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குமா? இல்லை. செயல்படும் மரபணுக்கள் நிறைந்த பகுதிகள் பெரும்பாலும் முதலில், இறுகிச் சுருண்ட பகுதிகள் கடைசியில். பெண்களின் செல்களில் ஓய்ந்துபோன எக்ஸ் குரோமோசோம் தாமதமாக இரட்டிப்பதும் இப்படித்தான். ‘தாமதம்’ என்றால் நகலெடுப்பு மெதுவாக நடக்கிறது என்று பொருளல்ல, தொடக்கம்தான் தள்ளிப்போகிறது. அந்தப் பகுதிகள் பலவற்றில் ரிஃப்1 என்ற புரதம் ஒரு பாஸ்பட்டேஸ் நொதியைக் கூட்டிவருகிறது. எம்.சி.எம். மீது டி.டி.கே. சேர்க்கும் பாஸ்பேட்டை அது கழற்றிக்கொண்டே இருக்கும்.