காதிரைச்சல் கிளப்பும் பயத்துக்கு அறிதுயில்: வீட்டிலேயே செய்யும் முறை

கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கிரானைட் பட்டறையில் ஒன்பது வருடம் கல் அறுத்தேன். காதில் எதுவும் மாட்டாமல்தான். வேலையை விட்ட பிறகு ஒரு நாள் ராத்திரி, ஊர் அடங்கிய நேரத்தில், காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். இன்றுவரை அது நிற்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் நெஞ்சு படபடத்து, விடியும்வரை உட்கார்ந்திருந்த ராத்திரிகள் நின்றுவிட்டன. அதற்கு உதவியது அறிதுயில், அதாவது ஹிப்னோதெரபி. அதை வீட்டிலேயே செய்யும் பயிற்சி இது.

முதலில் டாக்டர்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இ.என்.டி. டாக்டரிடம் காதைக் காட்டி, கேட்கும் திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். குறும்பி அடைத்தாலும் இரைச்சல் வரும். ஆஸ்பிரின் அதிக அளவில் எடுத்தாலும் வரும். ஒரு காதில் மட்டும் கேட்கிறதா, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கிறதா, தலை சுற்றுகிறதா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வலிப்பு உள்ளவர்களும், யாரோ பேசுவது போலக் குரல் கேட்பவர்களும் இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

பயம் ஏன் வருகிறது

உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் பெரிய சத்தத்தில் சிதைந்தால் திரும்ப முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் ஒலி குறைந்ததும், மூளை தன் பங்குக்கு வால்யூமைக் கூட்டிவிடுகிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். 1953இல் அமெரிக்காவில் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் உட்காரவைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். இதைப் படித்த அன்று எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மாந்தோப்புக் காவல் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். புது ஆளைக் கண்டால் குலைக்கும். அதே ஆள் தினமும் வந்து, ஒன்றும் செய்யாமல் போனால், ஒரு நாள் தலையைக்கூடத் தூக்காது. நம் மூளை அந்தச் சத்தத்தைப் பார்த்துக் குலைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பழக்கத்தான் அறிதுயில்.

ஹிப்னோதெரபி என்று சொன்னதும் எங்கள் வீட்டில், “வசியமாப்பா? மை கிய் வைப்பாங்களா?” என்று அம்மா பயந்துவிட்டார். அப்படி எதுவும் இல்லை. 1840களில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘ஹிப்னாடிசம்’ என்ற பெயரைப் பரப்பினார். உண்மையில் இது தூக்கமும் இல்லை. சுகமாக, ஒரே விஷயத்தில் மனம் ஊன்றிய நிலை. வேண்டாம் என்றால் அந்த நொடியே கண்ணைத் திறக்கலாம்.

பயிற்சி

சாயங்காலம் 15 நிமிடம் ஒதுக்குங்கள். நடுராத்திரிப் படபடப்பில் முதன்முதலாகச் செய்தால் வராது. ஃபேன் ஓடட்டும், முழு அமைதியில் இரைச்சல் இன்னும் பெரிதாகத் தெரியும்.

1. முதுகு சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். பத்து முறை போதும்.

2. தாடை, தோள், கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். தாடையை அவசரமாகக் கடக்க வேண்டாம். இரைச்சல் உள்ளவர்களில் பலர் தெரியாமலேயே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

3. நம் பக்கத்துப் பெரிய கிணற்றின் கல்படியில் இறங்குவதாக நினையுங்கள். பத்திலிருந்து ஒன்றுவரை, ஒரு மூச்சுக்கு ஒரு படி. இறங்க இறங்கக் குளிர்ச்சி. எண்ணிக்கை தப்பினால் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து எண்ணலாம்.

4. இப்போது ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அருவிக்குப் பக்கத்தில் இரைச்சல் காதை அடைக்கிறது. உங்கள் காதுச் சத்தத்தையும் அதோடு சேர்த்துவிடுங்கள். பரிசல்காரர் துடுப்பு போடுகிறார். பாறை நகர்கிறது, தண்ணீர் அமைதியாகிறது, இரைச்சல் பின்னால் போகிறது. அருவி நிற்கவில்லை. நீங்கள்தான் தள்ளி வந்துவிட்டீர்கள். இந்த இடத்தில் ஐந்து நிமிடமாவது இருங்கள்.

5. அங்கேயே மனதுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள்: “சத்தம் இருக்கிறது. அதனால் எனக்கு ஆபத்து இல்லை. அது அங்கே இருக்கட்டும், நான் இங்கே இருக்கிறேன்.” நான் முதல் மாதம் “சத்தம் போய்விட்டது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று காதுக்குத் தெரியும். அடுத்த நொடியே மனம் சத்தத்தைத் தேடும், பயம் இரட்டிப்பாகும். வாசகத்தை மாற்றிய பிறகுதான் பிடி கிடைத்தது.

6. ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, கை கால் அசைத்து, கண்ணைத் திறங்கள்.

அப்புறம், இதையெல்லாம் உங்கள் குரலிலேயே செல்போனில் பதிந்து கேட்டால் சுலபம். வண்டி ஓட்டும்போது மட்டும் கேட்கவே கூடாது.

எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் மாற்றம் தெரிந்தது. இரைச்சல் தரும் மன உளைச்சலுக்கு அதிக ஆய்வு ஆதாரம் உள்ளது அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குத்தான் (சி.பி.டி., எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை). அது கிடைத்தால் விடாதீர்கள். அறிதுயிலைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். தாங்க முடியாத ராத்திரியில் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

பயிற்சி முடிந்ததும் ‘குறைந்திருக்கிறதா’ என்று காதைத் தீட்டிப் பார்க்காதீர்கள். எழுந்து போய் வீட்டில் யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசுங்கள், இல்லை அடுப்பில் டீக்குத் தண்ணீர் வையுங்கள்.