ஃபைபர் படகின் மேல்தளத்துக்கு உரியாத மேட் பெயின்ட்

வெயிலில் கண் கூசாமலிருக்க மேல்தளத்துக்கு மேட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட் நல்லது. ஆனால் முழு மேட் வேண்டாம், செமி-மேட் வாங்குங்கள். பளபளப்பைக் குறைப்பது பெயின்ட்டில் கலந்திருக்கும் சிலிக்கா தூள். தூள் கூடக்கூட, பெயின்ட்டைப் பிடித்து நிறுத்தும் ரெசின் குறையும். கீறலும் அழுக்கும் சீக்கிரம் விழும். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் பெயின்ட்தான் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் தாங்கும். கதவு, கிரில்லுக்கு அடிக்கும் எனாமல், ஃபைபர் படகின் வழவழப்பான வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் பிடிக்காமல் பாளம் பாளமாக உரிந்துவிடும்.

நல்ல பெயின்ட்டும் உரிகிறதென்றால் பெரும்பாலும் மெழுகுதான் காரணம். படகு வார்க்கும்போது அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் மெழுகு புதுப் படகின்மேல் தங்கியிருக்கும். எமரி பேப்பரால் தேய்த்த பிறகு துடைத்துப் பயனில்லை, அதற்குள் மெழுகு கீறல்களில் இறங்கியிருக்கும். முதலில் சோப்புத் தண்ணீர். காய்ந்ததும் வாக்ஸ் ரிமூவர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் போவதற்குள் இன்னொரு துணியால் எடுத்துவிடுங்கள். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் மெழுகை இடம் மாற்றுவதோடு சரி. பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் மறுபடி துடைக்க வேண்டும்.

என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு 180, பிறகு 240 எமரி பேப்பரால் பளபளப்பு எங்குமே மிஞ்சாமல் தேயுங்கள். உள்ளே நார் தெரியுமளவு போகாதீர்கள். ஊசித்துளைகளுக்கு எபாக்சி பட்டி. மேலே எபாக்சி பிரைமர் இரண்டு கோட், காய்ந்ததும் 320 பேப்பர்.

மேட் பெயின்ட்டில் தூள் அடியில் படிந்துவிடும். தட்டைக் குச்சியால் அடிவரை கிளறாமல் ஊற்றினால் முதல் பாதி பளபளக்கும், மீதி வெளுத்துத் தெரியும். இரண்டு டின் தேவைப்பட்டால் ஹார்டனர் சேர்க்குமுன் ஒரே வாளியில் கலந்துவிடுங்கள். டின்னில் பெயின்ட்டுக்கும் ஹார்டனருக்கும் 4:1 என்று இருந்தால் அளவுக் குவளையில் 4:1, கண்மதிப்பு ஆகாது. டின்னில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடித்து முடிக்கும் அளவே கலக்குங்கள்.

4 அங்குல ஃபோம் ரோலரால் மெல்லிய இரண்டு கோட் போதும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி உருட்டினால் பட்டை பட்டையாகப் பளபளப்பு நிற்கும், அதை ஒட்டுப்போட்டு மறைக்கவும் முடியாது. அதனால் நடுவில் நிறுத்தாமல் மூலையிலோ விளிம்பிலோ நிறுத்துங்கள். ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் குமிழி விடும். பனி விலகியபின் நிழலில் ஆரம்பித்து, மாலை ஈரத்துக்கு முன் காயும்படி முடியுங்கள்.

ரோலரானாலும் கையுறையும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கட்டாயம். ஸ்பிரே செய்தால் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் புகையாகப் பரவி ஆஸ்துமா வரை கொண்டுவிடும். குழாய் வழியாகச் சுத்தமான வெளிக்காற்று வரும் மாஸ்க் இல்லாமல் ஸ்பிரே கன்னைத் தொடாதீர்கள்.

முழுதாக இறுக ஒரு வாரமாகும். அதுவரை வலை, கயிறு எதையும் மேலே போட்டு இழுக்க வேண்டாம். பாலிஷ் எப்போதுமே கூடாது, மேட் திட்டுத்திட்டாகப் பளபளக்கும். நிறம் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். கறுப்பு வெயிலில் கொதித்து, உள்ளிருக்கும் நாரின் பின்னல் மேலே தெரிய ஆரம்பித்துவிடும்.