வகுப்பை அடுத்த கைக்கு மாற்றுவது எப்படி?

பெரிய டீச்சர் படுத்தால் சண்டே ஸ்கூலும் படுத்துவிடுகிறது. சென்னையில் பல சபைகளில் இதைப் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. அயனாவரத்தில் வகுப்பு நடத்தும் நான் இதற்கு வழி கற்றது யூதர்களிடம். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகும் அவர்களுடைய வேதப் படிப்பு நிற்கவில்லை. யாவ்னே ஊரில் யோகனான் பென் சக்காய் என்ற ரபி மாணவர்களைக் கூட்டித் தொடர்ந்து நடத்தினார்.

மோசே பாடம் சொன்ன முறையை, யூத ரபிமாரின் போதனைகளைத் தொகுத்த தல்மூத் விவரிக்கிறது. முதலில் ஆரோன் மட்டும் வந்து கேட்பார். கேட்டதும் கிளம்பமாட்டார், பக்கத்திலேயே உட்காருவார். அடுத்து அவர் மகன்கள், பிறகு மூப்பர்கள், கடைசியில் ஜனங்கள். ஒவ்வொரு முறையும் அதே பாடம். ஆரோன் நாலு தடவை கேட்டிருப்பார், ஜனங்கள் ஒரே தடவை. அப்போது மோசே எழுந்து போய்விடுவார். ஆரோன் அதையே சொல்லிவிட்டுப் போவார், பின்பு மகன்கள், பின்பு மூப்பர்கள். எல்லாருக்கும் நாலு தடவை ஆகிவிடும்.

நீங்களும் சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரி போகும் பெண் ஒருத்தியை வீட்டுக்குக் கூப்பிட்டு யோசேப்பின் கதையைச் சொல்லுங்கள். ஞாயிறு காலை பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவள் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்து சின்னப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லட்டும், நீங்கள் வெளியே போய்விடுங்கள். கடைசி பெஞ்சில்கூட உட்காரக் கூடாது. கண்ணில் பட்டால் வரிக்கு வரி "சரிதானே டீச்சர்?" என்று உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். ரூபனையும் யூதாவையும் மாற்றிச் சொல்லிவிட்டாளா? பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் இன்னொரு ஏற்பாடு உண்டு. நீதிபதிகளுக்கு எதிரே மாணவர்கள் மூன்று வரிசையாக உட்காருவார்கள். புது நீதிபதி வேண்டுமென்றால் முதல் வரிசையிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். பின்வரிசைகளிலிருந்து ஒவ்வொருவர் முன்னே நகர, கூட்டத்திலிருந்து ஒருவர் மூன்றாம் வரிசைக்கு வருவார். ஆகவே ஆசிரியர் கூட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளையும் உட்காரவையுங்கள். அதே நீதிமன்றத்தில் மரண தண்டனை வழக்கு வந்தால் இளையவர்தான் முதலில் பேசுவார்; பெரியவர் சொன்ன பிறகு அவரை மறுக்க யாருக்கு வாய் வரும்? வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) திட்டம் போடும்போதும் சின்னவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.

பொறுப்பைச் சபைக்கு முன்னால் கொடுங்கள். எண்ணாகமம் 27-இல் யோசுவாமேல் கையை வைக்கும்படி மோசேக்குக் கட்டளை வருகிறது; அவரோ யோசுவாவை ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நிறுத்தி, இரண்டு கைகளையும் வைக்கிறார். தாராளமாகக் கொடுத்தார் என்று யூத வேத உரையாசிரியர் ராஷி இதற்கு உரை சொல்கிறார். ஆண்டு விழாவில் ஆயரை ஜெபிக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேடு, பீரோ சாவி, காணிக்கைக் கணக்கு நோட்டு மூன்றையும் அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள். மாற்றுச் சாவி உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.