பழைய விக்டா புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? மாட்யூலை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் பழைய வீடுகளின் கொட்டகையைத் திறந்தால் மூலையில் ஒரு விக்டா புல்வெட்டி கிடப்பது ரொம்ப சகஜம். மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952இல் சிட்னியின் கான்கார்ட் பகுதியில், வீட்டு கராஜிலேயே ஆரம்பித்த கம்பெனி அது. முதல் மெஷினுக்குப் பெட்ரோல் டேங்காக ஒரு பீச் பழ டின்னைத்தான் வைத்தார். நான் இங்கே சொல்லப்போவது வெகு காலம் கழித்து வந்த 160 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பற்றி, அதாவது ஸ்பார்க் உண்டாக்க பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனைகள்) இருந்தது போய் எலெக்ட்ரானிக் மாட்யூல் வந்த மாடல். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எல்லோரும் முதலில் அந்த மாட்யூலைத்தான் குறை சொல்கிறார்கள், எனக்கு இதில் சம்மதமே இல்லை. பழைய எஞ்சினுக்குப் பொருந்துகிற நல்ல மாட்யூல் தேடி அலைய வேண்டிய பொருள், காசும் அதிகம், அதனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவோம்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கீழே பிளேடு இருக்கிறது, கையால் சும்மா சுற்றும்போதுகூட எஞ்சின் பற்றிக்கொள்ளலாம்.

அடுத்து ஸ்பார்க். புது பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் ஹெட்டில் நன்றாகப் படும்படி பிடித்துக் கயிற்றை வேகமாக இழுங்கள். வேகமாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: எலெக்ட்ரானிக் மாட்யூல் ஒரு குறைந்தபட்ச வேகம் வந்தால்தான் வேலை செய்யும், ஃப்ளைவீலை (எஞ்சின் தண்டின் நுனியில் உள்ள, காந்தம் பதித்த கனமான சக்கரம்) கையால் மெதுவாகச் சுற்றிவிட்டு "கரண்டே வரவில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. வயரை எதிலும் படாமல் தொங்கவிட்டு இழுக்கவும் வேண்டாம், வெளியேற வழியில்லாத மின்சாரம் மாட்யூலுக்கு உள்ளேயே பாய்ந்து நல்ல மாட்யூலையும் கெடுத்துவிடும்.

ஸ்பார்க் இல்லையா? மாட்யூலிலிருந்து எஞ்சினை நிறுத்துவதற்காக ஒரு மெல்லிய வயர் போகும், அதைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். இத்தனை வருட அதிர்வில் அந்த வயரின் தோல் உரிந்து எங்காவது பாடியில் பட்டுக்கொண்டிருந்தால் எஞ்சின் எப்போதும் 'ஆஃப்' நிலையிலேயே இருக்கும். இப்போது ஸ்பார்க் வந்துவிட்டால் வயரை மாற்றினால் போதும், வேலை முடிந்தது.

அப்படியும் வரவில்லை என்றால் ஃப்ளைவீலின் காந்தத்தையும் மாட்யூலின் இரண்டு கால்களையும் பாருங்கள். துரு இருந்தால் நைஸ் எமரி பேப்பரால் பளிச்சென்று தேய்த்து, தூள் ஒட்டாமல் துடைத்துவிடுங்கள். மாட்யூல் திருகாணிகள் உட்காரும் இடத்தையும் தேயுங்கள், எர்த் அது வழியாகத்தான் போகிறது. அப்புறம் இடைவெளி. காந்தத்தைத் தள்ளி நிறுத்தி, திருகாணிகளைத் தளர்த்தி, சுமார் 0.25 மி.மீ. தடிமன் உள்ள அட்டையை (ஒரு விசிட்டிங் கார்டே போதும்) நடுவில் வைத்து, காந்தம் கால்களுக்கு நேராக வரும்படி ஃப்ளைவீலைச் சுற்றுங்கள். காந்தமே மாட்யூலை டக்கென்று இழுத்து அட்டையோடு ஒட்டவைக்கும். அந்த நிலையிலேயே முறுக்கிவிட்டு அட்டையை உருவிக்கொள்ளுங்கள்.

ஸ்பார்க் நன்றாக வந்தும் எஞ்சின் திருப்பி உதைக்கிறது, சைலன்சரில் வெடிக்கிறது என்றால் ஃப்ளைவீல் சாவி (ஃப்ளைவீலைத் தண்டில் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் சின்ன உலோகத் துண்டு) வெட்டுப்பட்டிருக்கலாம். பாயின்ட் மாடல் மாதிரி டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) வைக்க இதில் ஒன்றும் இல்லை, எல்லாம் அந்தச் சின்னச் சாவியை நம்பித்தான். அதைப் பார்க்க ஃப்ளைவீல் நட்டைக் கழற்ற, பிஸ்டன் மேலே ஏறி போர்ட்டுகளை (சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள்) மூடிய பிறகு பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணியுங்கள், கிராங்க் (எஞ்சின் தண்டு) சுற்றாமல் நின்றுவிடும். ஃப்ளைவீலை எடுக்க புல்லர் என்கிற இழுவைக் கருவிதான், ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் அலாய் உடையும்.

எனக்குத் தெரிந்து பழைய டூ ஸ்ட்ரோக்கைக் கொல்வது பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். இதில் கிராங்க் சுற்றுகிற கூடான கிராங்க் கேஸும் ஒரு பம்ப், தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஆயில் சீல் காய்ந்து வெடித்திருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து கலவை மெலிந்துவிடும், பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால் பிஸ்டனுக்கு ஆயிலும் குறைந்துபோகும். எஞ்சின் தானாக வேகம் ஏறிக் கத்தினால் உடனே நிறுத்துங்கள். சைலன்சரைக் கழற்றினால் போர்ட் வழியாகவே பிஸ்டன் தெரியும், டார்ச் அடித்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் இருந்தால் சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும், வழவழவென்று இருந்தால் உள்ளே கைவைக்காமல் சீல், கேஸ்கெட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஈரப்படுத்திக்கொண்டு, தூசி பறக்காமல் சுரண்டுங்கள், அந்தக் காலத்துக் கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை வந்ததே 2003 கடைசியில்தான். போர்ட்டில் கார்பன் அடைத்திருந்தால் பிஸ்டனால் போர்ட்டை மூடிவைத்து, மரக்குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம்.

கார்புரேட்டரில் டயாஃப்ரம் என்கிற மெல்லிய ரப்பர் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் மாற்றிவிடுங்கள், ஓ-ரிங்குகளையும் கூடவே மாற்றுவது நல்லது.

பெட்ரோல் கலவை 25:1, அதாவது 5 லிட்டருக்கு 200 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் வேண்டாம், பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும்.

நன்றாக ஓடிவிட்டுச் சூடானதும் நின்றுபோகிறதா? முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, பெட்ரோல் இறங்காமல்தான் நின்றிருக்கிறது. அப்படி இல்லையென்றால் சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க்கைச் சோதியுங்கள். சூட்டில் வராமல் ஆறியதும் வந்தால் மாட்யூல் போய்விட்டது என்று நம்பி வாங்கலாம்.

வேலை முடிந்து நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் கலவைதான் காய்ந்து பசையாகி ஜெட்டை அடைக்கிறது.