மோக்காவில் காபி போடுவது எப்படி?

மெஷின் அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபியான எஸ்பிரெஸோவை இத்தாலிக்காரர்கள் பெரும்பாலும் கடையில்தான் குடிப்பார்கள், கவுண்டர் ஓரம் நின்றபடி இரண்டே மடக்கில். வீட்டு அடுப்பில் ஏறுவது மோக்கா என்கிற எட்டுப் பட்டை அலுமினியக் கூஜா. சாக்லேட் கலந்து விற்கும் மோக்கா வேறு. ஏமன் நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர் இரண்டுக்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். 1933-இல் வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், ஓர்த்தா ஏரிக்குப் பக்கத்து ஊரான குருசினல்லோவில் அல்ஃபோன்ஸோ பியலெத்தி இதை விற்கத் தொடங்கினார். போருக்குப் பின் அவர் மகன் ரெனாத்தோ, மீசைக்காரப் பொம்மை ஒன்றை விளம்பரத்தில் நிறுத்தி வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2016-இல் ரெனாத்தோ இறந்தபோது அவருடைய அஸ்தியைப் பெரிய மோக்கா ஒன்றில் வைத்துத்தான் இறுதிச் சடங்கே நடந்தது.

எப்படி வேலை செய்கிறது

நம் ஃபில்டரில் வெந்நீர் தூள் வழியே கீழே சொட்டும். மோக்காவில் மேலே ஏறும். கீழ்ப் பாத்திரத்தில் அடைபட்ட காற்றும் ஆவியும் சூட்டில் விரிந்து நீரை அழுத்த, அது புனலின் குழாய்க்குள் ஏறி, தூளைக் கடந்து, மேல் கூஜாவின் நடுத்தண்டு வழியாக வழிகிறது. எஸ்பிரெஸோ மெஷினில் அழுத்தம் 9 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). இதில் 1, மிஞ்சினால் 2. அதனால் தடித்த பொன்னிற நுரை வராது. அதைத் தேடித் தீயைக் கூட்டுவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தப்பு.

பாகங்கள்: சேஃப்டி வால்வு உள்ள கீழ்ப் பாத்திரம், தூள் போடும் புனல், மேல் கூஜா. கூஜாவின் அடியில் ரப்பர் காஸ்கெட்டும் சல்லடைத் தட்டும் இருக்கும். குக்கர் பழகிய கைக்கு இதில் புதிது ஒன்றுமில்லை.

வாங்கும்போது

1, 3, 6, 9 கப் என்று அளவு சொல்வார்கள். அந்தக் கப் 50 மி.லி. அளவுதான். 3 கப் மோக்கா ஒருவருக்குத் தாராளம், இருவருக்குப் போதும். பெரியதாக வாங்கிப் பாதி நிரப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது: புனல் நிறையாவிட்டால் நீர் தூளைச் சுற்றி ஓடிவிடும், காபி சப்பென்று இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியம் சூடேறாது. அதற்கென்று வரும் ஸ்டீல் மோக்காவைப் பார்த்து வாங்குங்கள்.

புதிய மோக்காவில் இரண்டு மூன்று தடவை காபி போட்டுக் கீழே கொட்டிவிடுங்கள். உலோக வாடை போய்விடும்.

தூள்

எஸ்பிரெஸோ தூளைவிடச் சற்றுக் கொரகொரப்பாக, சாதாரணப் பொடி உப்புப் பதத்தில் இருக்க வேண்டும். இத்தாலியப் பாக்கெட்டுகளில் மோக்காவுக்கானது என்று அச்சிட்டே விற்பார்கள். சிக்கரி கலந்த தூள் வேண்டாம். ஈரம் பட்டதும் பிசுபிசுத்து வழியை அடைக்கக்கூடும்.

செய்முறை (3 கப் மோக்கா)

1. கீழ்ப் பாத்திரத்தில் சுமார் 150 மி.லி. நீர் ஊற்றுங்கள். வால்வின் அடி விளிம்புதான் எல்லைக்கோடு. வால்வு முங்கினால் ஆபத்தில் அது ஆவியை ஒழுங்காக வெளியேற்றாது.

2. புனலை வைத்து 15 முதல் 17 கிராம் தூளை ஸ்பூனால் போட்டு, விரலால் மட்டமாக்குங்கள். அழுத்தாதீர்கள். இறுகிய தூளை இந்தச் சிறு அழுத்தம் துளைக்காது. நீர் உள்ளேயே கொதித்துக் கசப்பாகும், அல்லது வால்வு வழியாகச் சீறும்.

3. விளிம்பிலும் மரையிலும் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு இறுகத் திருகுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் ஒருநாள் அது கையோடு வரும். கூஜாவின் உடம்பைப் பிடியுங்கள்.

4. சின்ன பர்னர், சிம். தீ அடிப்பாகத்தைத் தாண்டி வெளியே வந்தால் கைப்பிடி உருகும். அடுப்பின் கம்பிகளுக்கிடையில் மோக்கா சாய்ந்தால் மேலே ஒரு வலைத்தட்டு போட்டுக்கொள்ளலாம்.

5. மூடியைத் திறந்தே வையுங்கள். சில நிமிடங்களில் தண்டிலிருந்து கருந்தேன் போல காபி மெதுவாக வழியும். பீறிட்டுத் தெறித்தால் தீ அதிகம். வழியும் காபியின் நிறம் வெளுத்து, நுரைத்து, குபுகுபு சத்தம் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். அதற்குப்பின் ஏறுவது ஆவி. தீய்ந்த ருசிக்கு அதுதான் காரணம். அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி காட்டினால் உடனே நிற்கும்.

6. கூஜாவுக்குள்ளேயே ஸ்பூனால் ஒரு கலக்கு. முதலில் வந்தது கெட்டி, கடைசியில் வந்தது தண்ணி. கலக்காமல் ஊற்றினால் முதல் கப்புக்கும் இரண்டாவது கப்புக்கும் சண்டை வரும்.

நடுமரையில் ஆவி கசிந்தால் சரியாகத் திருகவில்லை, அல்லது விளிம்பில் தூள் சிக்கியிருக்கிறது, அல்லது காஸ்கெட் விறைத்துவிட்டது. காஸ்கெட் தனியாகக் கிடைக்கும், அளவு பார்த்து மாற்றுங்கள். நெடுநேரமாகியும் காபி ஏறவில்லை என்றால் அடுப்பை அணைத்து, முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள். புளிப்பாக, நீர்த்து வந்தால் தூள் ரொம்பக் கொரகொரப்பு.

குடிப்பது

இத்தாலிக்காரர்களுக்குப் பாலோடு என்றால் காலையில்தான், பெரிய கப்பில், பிஸ்கட்டை முக்கி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் சேர்க்காத கறுப்புக் காபி. சர்க்கரை அவரவர் விருப்பம். நுரை ஆசை விடவில்லையா? இத்தாலியில், முக்கியமாகத் தெற்கே, ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: முதலில் வழியும் சில சொட்டுக் காபியை மூன்று ஸ்பூன் சர்க்கரையில் விட்டு, வெளிர் பழுப்புப் பசையாகும்வரை வேகமாக அடித்து, மீதிக் காபியை அதன்மேல் ஊற்றுவார்கள். சொட்டு கூடினால் பாகாகிவிடும், ஒரு ஸ்பூனுக்கும் குறைவாகவே விடுங்கள்.

கழுவுவது

ஆறியதும் வெறும் வெந்நீரில் அலசினால் போதும். கம்பி நார் அலுமினியத்தைக் கீறும், டிஷ்வாஷர் கறுக்க வைக்கும். காபி எண்ணெய் படிந்தால்தான் ருசி என்று பல வீடுகளில் உள்ளே துடைப்பதுகூட இல்லை. நாள்பட்ட எண்ணெய் சிக்கு வாடைதான் அடிக்கும், அலசியே வையுங்கள். அவ்வப்போது சல்லடைத் தட்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள், பழைய தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். துடைத்து, ஈரம் காயும்வரை பாகங்களைத் தனித்தனியே வையுங்கள். திருகி மூடிவைத்தால் உள்ளே வெள்ளை பூக்கும்.