எலிக் கருவின் பாலினச் சுரப்பியில் மரபணுவை நிறமாகப் பார்ப்பது எப்படி?

ஆணோ பெண்ணோ, பாலூட்டிக் கருவில் பாலினச் சுரப்பி முதலில் ஒரே மாதிரிதான் இருக்கும். விந்தகமாகவும் மாறலாம், அண்டகமாகவும் மாறலாம். ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு சிறிது நேரம் இயங்கி, சாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவை உசுப்பிவிட்டால் விந்தகம். அது இல்லையென்றால் விண்ட்4, ஆர்ஸ்பாண்டின்1, ஃபாக்ஸ்எல்2 மரபணுக்களின் பக்கம் மேலோங்கி அண்டகம். எஸ்ஆர்ஒய் 1990-இல் அடையாளம் காணப்பட்டது. மறுவருடமே அதைப் பெண் எலிக் கருவில் செலுத்தி விந்தகம் வளர்வதைக் காட்டிவிட்டார்கள்.

இந்த மரபணுக்கள் எந்த இடத்தில் இயங்குகின்றன என்று பார்க்க முழுத்திசு இன்சிட்டு ஹைபிரிடைசேஷன் முறையைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். மரபணு இயங்கும்போது உருவாகும் அதன் நகலான எம்ஆர்என்ஏவில், அதோடு பொருந்தும் ஆர்என்ஏ துண்டு ஒன்றை (இதுதான் புரோப்) ஒட்ட வைத்து நிறமேற்றும் முறை இது; எம்ஆர்என்ஏ இருக்கும் இடமெல்லாம் கண்ணெதிரே ஊதாவாகும். (விலங்குநல ஒப்புதல் கைக்கு வராமல் எதையும் தொடங்காதீர்கள்.)

படி 1: வயதைத் தேதியை வைத்து நம்பாதீர்கள்

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். இனச்சேர்க்கை அடைப்பு (இணைந்தபின் பெண் எலியின் யோனியில் விந்து உறைந்து தெரியும் அடைப்பு) தெரிந்த நாளின் நண்பகலை 0.5 நாள் என்று கணக்கு வைப்பார்கள். ஆனால் ஒரே வயிற்றுக் கருக்களுக்குள்ளேயே வளர்ச்சி முன்பின்னாக இருக்கும். எஸ்ஆர்ஒய் 10.5-ஆம் நாள் வாக்கில் தொடங்கி, 11.5-இல் உச்சம் தொட்டு, 12.5 வாக்கில் அடங்கிவிடும். சில மணி நேரம் பிசகினால் படம் வேறு. என் முதல் தொகுப்பில் நிறமே வராமல் புரோபைத் திட்டினேன். பார்த்தால் கருக்கள்தான் முதிர்ந்துவிட்டிருந்தன.

அதனால் வால் சோமைட்டுகளை (கருவின் முதுகோரம் வரிசையாகத் தெரியும் சிறு திசுக் கட்டிகளை) எண்ணுங்கள். கருவைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் பக்கவாட்டில் படுக்க வைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விடுங்கள். பின்னங்கால் மொட்டைத் தாண்டி வரும் முதல் கட்டியை 1 என்று வைத்து வால் நுனிவரை எண்ண வேண்டும். சுமார் 8 என்றால் 10.5 நாள், 18 என்றால் 11.5, 30 என்றால் 12.5. நுனியில் கட்டிகள் மங்கலாக இருக்கும். இரண்டு முறை எண்ணி எழுதி வையுங்கள்.

படி 2: பாலினம்

12.5-இல் விந்தகத்தில் கோடுகோடாகத் தெரியும், கண்ணாலேயே பிரிக்கலாம். அதற்கு முன் முடியாது. கருவிலிருந்து ஒரு துளித் திசுவை எடுத்து பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கி, ஜெல்லில் பட்டையாகப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். எஸ்ஆர்ஒய்யை மட்டும் தேடினால், பட்டை இல்லாதது பெண் என்பதாலா, பிசிஆர் சொதப்பியதாலா என்று தெரியாது. எக்ஸ், ஒய் இரண்டிலும் சற்றே வேறுபட்ட நீளத்தில் இருக்கும் கேடிஎம்5 மரபணு ஜோடியைத் தேடுவது நல்லது: ஆணுக்கு இரண்டு பட்டை, பெண்ணுக்கு ஒன்று.

படி 3: நிலைப்படுத்தல்

சுரப்பியை ஒட்டியுள்ள மீசோநெஃப்ரோஸோடு (கருவின் தற்காலிகச் சிறுநீரகத்தோடு) சேர்த்தே எடுங்கள், தனியாக உரித்தால் கிழியும். 4% பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் ஓர் இரவு. பிறகு மெத்தனாலைப் படிப்படியாக ஏற்றி, மைனஸ் 20-இல் வைக்கலாம்.

அப்படியே ஒரு 12.5 நாள் கருவின் கால் மொட்டையும் அதே குழாயில் போடுங்கள். சாக்ஸ்9 ஆண், பெண் இரண்டிலும் குருத்தெலும்பில் இயங்கும். பெண் சுரப்பி வெளுத்திருக்க, விரல் கோடுகள் மட்டும் ஊதாவானால் அந்த வெறுமை உண்மையானது என்று நம்பலாம்.

படி 4: புரோப்

டிகாக்ஸிஜெனின் என்ற அடையாள மூலக்கூறு பூட்டிய எதிர்வரிசை ஆர்என்ஏ (எம்ஆர்என்ஏவோடு ஒட்டுவது) வேண்டும், ஒப்பீட்டுக்கு நேர்வரிசை ஆர்என்ஏ (எம்ஆர்என்ஏ போன்றே இருப்பதால் ஒட்டாதது) ஒன்றும். புரதத்தைச் சிதைத்துத் திசுவைத் திறந்துவிடும் புரோட்டினேஸ் கே நொதியைத் தரும் நேரம்தான் தொல்லை: குறைந்தால் புரோப் உள்ளே போகாது, கூடினால் திசு குழைந்துவிடும். புது பாட்டில் திறந்தால் வீணாகிப் போனாலும் பரவாயில்லாத திசுவில் முதலில் சோதியுங்கள். அப்புறம் 65 டிகிரியில் ஓர் இரவு ஹைபிரிடைசேஷன். மறுநாள் கழுவி, டிகாக்ஸிஜெனினைப் பற்றிக்கொள்ளும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி இணைத்த எதிர்ப்பொருளில் ஊற விடுங்கள். அதற்கடுத்த நாள் முழுக்கக் கழுவல்தான், பொறுமை வேண்டும்.

படி 5: நிறம்

என்பிடி-பிசிஐபி (அந்த நொதி பட்டால் ஊதாவாகும் வேதிப்பொருள்கள்) சேர்த்து இருட்டில் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்து, நேர்வரிசைக் குழாய் நிறமேறத் தொடங்குமுன் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் விடலாமே என்ற ஆசைதான் படத்தைக் கெடுக்கும்.

படி 6: வாசிப்பு

ஆண் சுரப்பியில் சாக்ஸ்9, 12.5-இல் விந்தகக் கயிறுகளை (படி 2-இல் சொன்ன கோடுகளை) ஒட்டிப் பட்டை பட்டையாக விழும். பெண்ணில் ஸ்ட்ரா8 என்ற மரபணு தலைப்பக்கம் தொடங்கி வால்பக்கம் பரவும், காரணம் இனச்செல்கள் அந்த வரிசையில் ஒடுக்கற்பிரிவுக்குள் (குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல் பிரிவுக்குள்) நுழைவதுதான். எஸ்ஆர்ஒய்யோ சுரப்பியின் நடுவில் தொடங்கி இரு முனைகளுக்கும் விரியும். சோமைட் எண்ணிக்கை 18-ஐத் தொடாத ஆண் கருவில் நடுப்பகுதி மட்டும் ஊதாவாகி முனைகள் வெளுத்திருந்தால் சோதனை தோற்றுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், அலை இன்னும் முனைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.