கிரிக்கெட் பக்கங்களைத் தள்ளிவிடாதீர்கள்: அரசியல் நாவல் வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியல் நாவல் என்று சொல்லி யாராவது ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால், நம்மில் பலர் அதில் தேடுவது கூட்டம், கொடி, மேடைப் பேச்சு, துப்பாக்கிச் சூடு. அவை வரும் பக்கங்களை நிதானமாகப் படிப்போம், மற்றதை ஓட்டிவிடுவோம். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) நாவலை இப்படிப் படித்தவர்கள் ஒரு குறை சொல்வார்கள். “நிஜாம், ரஜாக்கர் என்றெல்லாம் சொன்னார்களே, இதில் கிரிக்கெட்டும் காலேஜும்தானே வருகிறது?” (நிஜாம், அன்றைய ஹைதராபாத் ராஜ்யத்தின் மன்னர். ரஜாக்கர்கள், அந்த ஆட்சிக்காக ஆயுதம் ஏந்திய படையினர்.)

முதல் தவறு இதுதான். இருப்பதிலேயே பெரிய தவறும் இதுதான். அந்த நாவலின் அரசியல் கிரிக்கெட்டில்தான் இருக்கிறது. சந்திரசேகரன் செகந்திராபாத்தில் படிக்கும் தமிழ்ப் பையன். அப்பாவுக்கு ரயில்வே வேலை. வீடு லான்சர் பாரக்ஸ் என்ற ரயில்வே குடியிருப்பில். அக்கம்பக்கத்தில் முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர்கள். உடன் விளையாடுகிறவன் என்ன மதம் என்பது பந்து போடுவதற்கும் அடிப்பதற்கும் வேண்டாத விவரம். 1947க்குப் பிறகு அது வேண்டிய விவரம் ஆகிவிடுகிறது. எந்தப் பக்கத்தில் ஆனது என்று விரல் வைத்துக் காட்டுவது கஷ்டம். அதுதான் அசோகமித்திரனின் கெட்டிக்காரத்தனம். கிரிக்கெட்டைத் தள்ளிவிட்டு ரஜாக்கர்களை மட்டும் தேடிப் போகிறவருக்குக் கலவரம் தெரியும், அதனால் கெட்டுப்போனது எது என்று தெரியாது.

ஒரு சின்ன யோசனை. ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, நண்பனோ பக்கத்து வீட்டுக்காரரோ வரும் இடங்களில் மட்டும் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடங்களை மட்டும் வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். என்ன பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது என்ன பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்று தெரியும். தலைவர்களின் அறிக்கைகளைப் படித்தால் இது கிடைக்காது.

அடுத்தது, பின்னணி தெரியாமல் இறங்குவது. “நல்ல நாவல் தன்னைத்தானே விளக்கிக்கொள்ள வேண்டும்” என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அரை மணி நேரம் செலவழித்தால் போதும். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகும் ஹைதராபாத் இந்தியாவோடு சேரவில்லை. நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் தனியே நிற்கப் பார்த்தார். அந்த நவம்பரில் ‘இப்போதைக்கு உள்ளபடியே இருக்கட்டும்’ என்று ஓராண்டுக்கு ஓர் ஒப்பந்தம். காசிம் ரஸ்வியின் தலைமையில் ரஜாக்கர்கள் ஒரு பக்கம், கிராமங்களில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் இன்னொரு பக்கம். 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நுழைந்தது, ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும். இதோடு இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நிஜாம் ராஜ்யத்துக்கு நாணயம் தனி, ரயிலும் தனி. அப்படியென்றால் ஒரு ரயில்வே ஊழியரின் வீட்டில் ‘ராஜ்யம் என்ன ஆகும்’ என்ற பேச்சு திண்ணைப் பேச்சு இல்லை. சம்பளம் வருமா, குடியிருக்கும் வீடு நிலைக்குமா என்ற கேள்வி அது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: நாவலையே வரலாற்றுப் புத்தகமாக எடுத்துக்கொள்வது. யார் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்ற கணக்கை நாவலில் தேடக் கூடாது. அதற்கு வேறு ஆவணங்கள் இருக்கின்றன. ராணுவ நடவடிக்கைக்குப் பிறகு நேரு அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, நடவடிக்கையின்போதும் அதைத் தொடர்ந்தும் குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படவே இல்லை. நாவலின் கடைசிப் பகுதியில், ‘நம்’ பக்கம் ஜெயித்துவிட்ட பிறகு, சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே என்ன பார்க்கிறான் என்று நான் சொல்லப்போவதில்லை. அறிக்கை பூட்டிக் கிடந்த காலத்தில், எண்ணே இல்லாமல் ஒரே ஒரு அறையை வைத்து அந்த நாட்களைச் சொல்லிவிட்டது நாவல். எண் வேண்டுமென்றால் அறிக்கைக்குப் போங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தக் கடைசிப் பகுதியால்தான் இன்னொரு தொல்லையும் வருகிறது. “இந்த நாவல் யார் பக்கம்?” என்று கேட்பவர்கள் ரஜாக்கர் வரும் பக்கங்களைக் காட்டி ஒன்று சொல்வார்கள், முடிவைக் காட்டி வேறொன்று சொல்வார்கள். இன்றைய கட்சிகளை 1948க்குள் கொண்டுபோய் உட்காரவைத்துப் படித்தால் இப்படித்தான் ஆகும். சந்திரசேகரனுக்கே எந்தப் பக்கம் என்று தெளிவில்லை. எல்லோரும் போகிறார்கள் என்று போகிறான், பயப்படுகிறான், வெட்கப்படுகிறான். முதுகெலும்பில்லாத பையன் என்று அலுத்துக்கொள்பவர்கள், அந்த வயதில் தாங்கள் எப்படி இருந்தோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.

அவன்தான் ஆசிரியர் என்று முடிவு கட்டிவிடுவதும் சுலபம். அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். ராணுவம் நுழைந்தபோது அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. ஆனால் நாவல் சில இடங்களில் ‘நான்’ என்று பேசுகிறது, சில இடங்களில் ‘சந்திரசேகரன்’ என்று தள்ளி நின்று சொல்கிறது. அது அச்சுப்பிழை அல்ல. எங்கே மாறுகிறது என்று கவனித்துப் படித்தால், எதை நெருங்கிச் சொல்கிறார், எதைத் தள்ளிவைத்துப் பார்க்கிறார் என்பது பிடிபடும்.

இன்னொரு வகைச் சிக்கல் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வும் செங்கொடிச் சங்கமும்தான் பின்னணி. அந்தச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்ட நாவல் 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நாவலில் வரும் பண்ணையார் ஆண்மைக் குறைபாடு உள்ளவர். அவருடைய வன்மத்துக்கு அது ஒரு காரணமாகத் தெரியும்படி எழுதியிருக்கிறார். வர்க்கப் போராட்டத்தைப் படுக்கையறைப் பிரச்சினையாக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் விமர்சனத்தை மட்டும் கேட்டுவிட்டு நாவலை ஒதுக்குகிறவரும், ‘ஓகோ, அதனால்தான் கொளுத்தினான்’ என்று முடித்துக்கொள்பவரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பாத்திரத்தின் மனக்காரணத்தையே சம்பவத்தின் முழுக் காரணமாக இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆளுக்கு வன்மம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. வன்மம் உள்ள எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது, இவருக்கு மட்டும் ஒரு சேரியையே கொளுத்தும் தைரியம் எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் நிலத்தில் இருக்கிறது, போலீஸில் இருக்கிறது, அடியாட்களில் இருக்கிறது. நாவலில் அதெல்லாம் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். போதவில்லை என்று தோன்றினால் அப்புறம் தாராளமாகத் திட்டலாம்.

பாத்திரம் பேசுவதை ஆசிரியரின் கொள்கையாக வெட்டி எடுத்து ஒட்டும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’க்கு இது அடிக்கடி நேர்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் பிடியில் இருந்த மெடானிலும் (இன்றைய இந்தோனேசியா) பினாங்கிலும் (இன்றைய மலேசியா) தமிழர்கள் உட்கார்ந்து தமிழ்ப் பெருமையையும் பழம்பாடல்களையும் கிண்டலடிக்கும் இடங்கள் அதில் உண்டு. யார் சொன்னது, யாரிடம், எத்தனை கிளாஸுக்குப் பிறகு என்பதையெல்லாம் கழித்துவிட்டு நாலு வரியை மட்டும் பரப்பினால், சிங்காரம் தமிழ்ப் பகைவர் போலத் தெரிவார். அடுத்த நாலு வரியைப் பரப்பினால் தமிழ் வெறியர் போலத் தெரிவார்.

கடைசியாக, முன்னுரை. இந்த மாதிரி நாவல்களின் மறுபதிப்புகளில் பெரும்பாலும் ஒரு விமர்சகரின் நீண்ட முன்னுரை இருக்கும். நல்ல முன்னுரையாகவும் இருக்கும், முடிவைப் போட்டு உடைத்தும் இருக்கும். அதைவிட மோசம், நாவலின் அரசியல் இதுதான் என்று முன்கூட்டியே சொல்லி, நம்மைச் சாட்சி தேடுகிற வேலைக்கு அனுப்பிவிடும். நாவலை முடித்துவிட்டு முன்னுரைக்குத் திரும்புங்கள். அப்போது சண்டை போடவும் நமக்கு ஏதாவது இருக்கும்.